மருதமேட்டில் ஒரு தமுக்குக்காரர்

ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது குறைவு. சீடருக்குக் குரல் அதிகம்.

குருவின் பெயர் உலகம்மை. ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு மடம் அவருடையது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவரை அம்மை என்றுதான் கூப்பிட்டார்கள். சீடர் மாசிலாமணியும் அப்படித்தான் கூப்பிட்டார், அம்மைக்குத் தகப்பனாக இருக்கக்கூடிய வயது அவருக்கு ஆகியிருந்தும்.

மடத்துக்கு வருமுன் மாசிலாமணி ஒரு பெரிய ஊரில் தமுக்கடித்துச் செய்தி சொல்கிறவராக இருந்தார். சந்தை கூடும் நாள், கோயில் கொடியேற்றம், காணாமல் போன மாடு, பிறப்பு, இறப்பு, எல்லாம் அவர் தொண்டை வழியாகத்தான் ஊருக்குள் போயின. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று அவர் ஆரம்பித்தால் ஆடுகிற ஊஞ்சல் நின்றுவிடும் என்பார்கள்.

அவர் மனைவி இறந்த அன்றும் ஊருக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. அவரே தமுக்கை எடுத்துக்கொண்டு போனார். எல்லாத் தெருவிலும் நின்று சொன்னார். குரல் ஓரிடத்தில்கூடப் பிசிறவில்லை. அன்றைக்கும் எல்லாரும் அந்தக் குரலைத்தான் மெச்சினார்கள். வீடு திரும்பித் தமுக்கை ஆணியில் மாட்டியவர் பிறகு அதைத் தொடவில்லை. அந்தக் குரலோடு அவருக்கு அன்று மூண்டது சண்டை.

தமுக்கை அவர் விட்டார். குரல் அவரை விடவில்லை.

மடத்துச் சமையலறையில் பாத்திரம் விழுந்தால், "அங்கே யார் சத்தம் போடுவது?" என்று கேட்பார். பாத்திரம் விழுந்தது சமையலறைக்குத் தெரியும். அவர் கேட்டது அக்கரைக்கும் தெரியும். தியானத்தில் யாராவது இருமினால் உஷ் என்பார். அந்த உஷ்ஷுக்குக் கூரையில் இருக்கும் புறாக்கள் எழுந்து போய்விடும். மடத்தில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். இருந்தாலும் அவர் வெளியூர் போகிற நாளில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

அந்த மடத்தில் மௌன தீட்சை என்று ஒன்று உண்டு. குரு தம் விரலைச் சீடரின் உதட்டில் ஒரு கணம் வைத்து எடுப்பார். அவ்வளவுதான். மந்திரம் இல்லை, மாலை இல்லை. அதன் பிறகு அந்தச் சீடர் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

மாசிலாமணி அதைக் கேட்டார். போன வருஷமும் கேட்டார். அதற்கு முந்தின வருஷமும் கேட்டிருந்தார்.

"அம்மை, எனக்கு அந்த விரல் வேண்டும். இந்தக் குரலை எங்கேயாவது இறக்கி வைக்காமல் நான் சாகக் கூடாது."

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"மௌனம் எங்கே இருக்கிறது?"

"யாரும் இல்லாத இடத்தில்."

"அப்படி ஓர் இடம் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்."

"சரி, புறப்படுங்கள். பார்த்துவிட்டு வருவோம்" என்று அம்மை கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். ஒரு தாழங்குடையும் ஒரு பொட்டலம் முறுக்கும் எடுத்துக்கொண்டார்.

ஆற்றோடு அரை நாள் படகில் போனால் பெரிய படுகை வரும். மலையிலிருந்து ஓடி வந்த ஆறு அங்கே காலை நீட்டிப் படுத்திருக்கும். நாணல், கோரை, தேங்கின குட்டைகள், இடையிடையே மேடுகள். எந்தக் காலத்திலோ ஓர் அரசர் இங்கே ஏர் பூட்டக் கூடாது, வேட்டை ஆடக் கூடாது, இது விலங்குகளுக்கு விட்ட நிலம் என்று சொல்லிவிட்டுப் போனார். அரசர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சொல் அப்படியே நின்றது. புகல்படுகை என்று அதற்குப் பெயர்.

படுகையின் காவலர் புலமாடன் படகோடு காத்திருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு. ஆனால் எல்லாவற்றையும் ரகசியம் போலத் தணிந்த குரலில்தான் பேசினார். நாணலுக்குள் ஒரு மிளாமான் நின்று மெல்லுவதைப் புருவத்தால் காட்டினார். கொம்பில் பாசி தொங்க, தலைவாராமல் எழுந்து வந்தது போல் இருந்தது அது. தூரத்தில் காட்டுமாடுகள் கருப்பாகத் தெரிந்தன. செங்கால் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றபடி யாருக்காகவோ காத்திருந்தன.

ஒரு நீர்நாய் மீனோடு தலை தூக்கியது.

"அதோ!" என்றார் மாசிலாமணி.

நாரைகள் எழும்பின. மிளா மறைந்தது. நீர்நாய் மீனை விட்டுவிட்டு முங்கியது.

"எங்கே?" என்று கேட்டார் அம்மை.

"இருந்தது" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

புலமாடன் துடுப்பை வலித்துக்கொண்டே ஊர்க்கதை சொன்னார். கரையில் இருக்கிற ஊர்களில் ஐப்பசி பிறந்தால் மேளம் கிடையாதாம். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவார்களாம். அவர் மகள் கல்யாணம் ஐப்பசியில்தான் நடந்தது.

"தாலி கட்டுற நேரம் நாதசுரக்காரரு வெரல மட்டும் ஆட்டுனாரு சாமி. ஊதல. தவுல்காரரு துண்டப் போட்டு மூடி வச்சுத் தடவுனாரு. மாப்பிள்ளைக்கு மாமன் வெளியூரு. இன்னும் எங்கூடப் பேச்சுவார்த்த இல்ல."

மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. கரை முழுக்க ஞானிகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உலகம்மை அவரையே பார்த்தார். ஏன் என்று கேட்பார் என எதிர்பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை. அவர் கேட்கவில்லை.

படுகையின் நடுவில் ஒரு மேடு. உச்சியில் ஒற்றை மருதமரம். படகு ஒதுங்கியது. மாசிலாமணி இறங்கி மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஆள் இல்லை, வீடு இல்லை, காற்று மட்டும் நாணலைக் கோதிக்கொண்டிருந்தது. தரையெங்கும் காய்ந்த சாணம். வட்ட வட்டமாக, அடுக்கி வைத்தது போல. மாட்டுச் சாணந்தான், கொஞ்சம் பெரிய மாடு.

"அம்மை, இதுதான். இங்கே யாரும் இல்லை."

"நன்றாகப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். விறகு தேட வேண்டாம். எரிக்கச் சாணம் இருக்கிறது. நீறு செய்யவும் ஆகும்."

"இவ்வளவையும் யார் கொண்டுவந்து வைத்தார்கள்?"

"எல்லாம் அருள்" என்றார் மாசிலாமணி, மேலே கை காட்டி.

புலமாடன் வாயைத் திறந்தார்.

"முறுக்குச் சாப்பிடுங்கள்" என்று அம்மை பொட்டலத்தை அவரிடம் நீட்டினார்.

படகு ஏறும்போது அம்மை சொன்னார்: "இந்த மேடு எந்த வெள்ளத்திலும் முங்கினதில்லையாம், விசாரித்துவிட்டேன். நீங்கள் இங்கேயே இருங்கள். ஐப்பசி மழை கழிந்து வருகிறேன். அப்போதும் அந்த விரல் வேண்டுமென்றால் தருகிறேன்."

மாசிலாமணி விழுந்து கும்பிட்டார். படகு கோரைக்குள் மறைகிற வரையில் குடை குலுங்கிக்கொண்டே இருந்தது. அம்மை எதற்கோ சிரிக்கிறார் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

புலமாடன் உதவியோடு மருதமரத்தடியில் ஒரு நாணல் குடிசை எழுந்தது. அவர் அவ்வப்போது வந்து அரிசியும் அவலும் வெல்லமும் வைத்துவிட்டுப் போனார். மாசிலாமணி சாணத்தைப் பொறுக்கினார், புடம் போட்டார், சலித்தார். காட்டுமாடும் மாடுதானே என்று ஒரு வாரம் தமக்குத்தாமே வாதாடி வென்றார். நீறு நன்றாக வந்தது. ஒரு பொட்டலம் அம்மைக்குக் கொடுத்தனுப்பினார்.

பதில் புலமாடன் வாய்மொழியாக வந்தது. நீறு மணமாக இருக்கிறதாம். சாணம் தந்தவர்களுக்கு மறக்காமல் நன்றி சொல்லச் சொன்னார்களாம்.

அவர் வானத்தைப் பார்த்து நன்றி சொன்னார்.

யாரும் இல்லாத இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் மடத்துச் சமையலறையில் பாத்திரம் விழுந்தது. தாளிக்கிற சத்தம் கேட்டது. அதோடு சண்டை போட்டார். சண்டை ஓய்ந்தால், சரியாகச் சண்டை போடவில்லை என்று மறுபடி முதலிலிருந்து போட்டார். தவளைகள் கத்தின. அவர் தவளைகளை அதட்டினார். தவளைகள் சற்று நிறுத்தி, யார் இவர் என்று யோசித்துவிட்டு மறுபடி கத்தின. சாயங்காலம் ஆனால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சோறு வெந்துவிட்டது." சகலமானவர் அங்கே அவர் ஒருவர்தான். அவரே வந்து சாப்பிட்டார்.

ஐப்பசி பிறந்தது. மலைப்பக்கம் கறுத்தது. புலமாடன் வழக்கத்தைவிடப் பெரிய அவல் மூட்டையோடு வந்தார்.

"இனிமே கொஞ்ச நாளைக்கு வரமுடியாது சாமி. நெருக்கடியாத்தான் இருக்கும். பாத்து அனுசரிச்சுப் போங்க. அதுகளுக்கும் ஒங்கள விட்டா யாரு?"

அதுகள் என்று மனசின் எண்ணங்களைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார் மாசிலாமணி. காவல்காரருக்குள்ளும் எவ்வளவு தத்துவம் என்று வியந்துகொண்டார்.

விடாமல் மழை பெய்தது. ஒரு விடியலில் அவர் குடிசையை விட்டு வெளியே வந்தபோது படுகையைக் காணவில்லை. நாணலும் குட்டைகளும் போன இடம் தெரியாமல், எங்கே பார்த்தாலும் காவி நிறத்தில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது. மேடு மட்டும் மிதந்தது.

முதலில் எறும்புகள் வந்தன, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு. பிறகு முயல்கள், காதை ஒட்ட மடக்கி, நனைந்த துணிப்பந்து போல. ஓர் உடும்பு, இரண்டு கீரி. ஒரு நரி ஏறி வந்து முயல்களைப் பார்த்தது. முயல்கள் நரியைப் பார்த்தன. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பது போல இரண்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. புள்ளிமான்கள் கூட்டமாக நீந்தி வந்தன. காட்டுப்பன்றிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறின. சாரைப்பாம்பு ஒன்று நேராகக் கூரைக்குப் போய் அங்கே தனக்கென்று ஓர் இடம் இருந்தது போல் சுருண்டது. முள்ளம்பன்றி அவரைக் கேட்காமல் குடிசைக்குள் போனது.

கடைசியில் காட்டுமாடுகள். பெரிய கருப்பு உடம்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து, சிலிர்த்து உதறிவிட்டு, அதனதன் இடத்தில் போய் நின்றன. தேடவில்லை. தயங்கவில்லை. ஒன்று நின்றபடியே சாணம் போட்டது.

மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பூசியிருந்த நீறு சில்லென்றது.

ஆனாலும் மனுஷர் சட்டென்று விட்டுக்கொடுப்பாரா? கலயத்தில் இருந்த திருநீற்றை எடுத்துக் குடிசையைச் சுற்றிக் கோடு போட்டார். இதற்கு உள்ளே தவம், வெளியே நீங்கள் என்று கையால் காட்டினார். ஒரு பன்றி வந்து கோட்டை முகர்ந்து, தும்மி, தாண்டி உள்ளே போய் அவல் மூட்டையைக் கிழித்தது.

அப்போதுதான் அவருக்குப் பொறுமை போனது. மார்பு விரிய மூச்சிழுத்து, மூன்று ஊருக்குக் கேட்கிற அந்தக் குரலை எடுத்தார்.

"போ!"

மேடு முழுவதும் ஒரே உடம்பாகத் துள்ளியது. மான்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. விளிம்பில் நின்றிருந்த பெண் மிளா ஒன்று, வயிறு கனத்த சினை மிளா, துள்ளிய துள்ளலில் நேரே வெள்ளத்துக்குள் போய் விழுந்தது.

தண்ணீர் அதை இழுத்தது. தலை மட்டும் தெரிந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு கால்களால் அடித்து அடித்து நீந்தியது. சுழலில் ஒருமுறை முங்கியது. மாசிலாமணி விளிம்புக்கு ஓடினார். கையை நீட்டினார், எட்டாது என்று தெரிந்தே. கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டால் அது இன்னும் தூரந்தான் போகும். திறந்த வாயோடு நின்றார்.

மேட்டின் கடைக்கோடியில் மருதமர வேர் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மிளா அதில் முன்னங்காலைப் போட்டுத் தொற்றி, வழுக்கி, மறுபடி தொற்றி ஏறி வந்தது. ஏறின இடத்திலேயே, விளிம்பில், கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. இனி ஓர் அடி எடுத்து வைக்க அதனிடம் தெம்பு இல்லை. அது அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் ஏதும் இல்லை. அடுத்து என்ன செய்வார் என்று மட்டும் அது பார்த்தது.

நாதசுரக்காரர் ஏன் விரலை மட்டும் ஆட்டினார் என்று மாசிலாமணிக்கு அப்போது விளங்கியது.

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு அந்த மேட்டில் அவர் இருந்த இருப்பைச் சொன்னால் மடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக் கண்ணில் நீர் வர விழுங்கினார். காலை நீட்டுவதற்கு முன் முயல்கள் எங்கே என்று பார்த்தார். பன்றியோடு அவலைப் பங்கு போட்டார், பன்றி பங்கு போடவில்லை, அதையும் ஒத்துக்கொண்டார். குடிசைக்குள் முள்ளம்பன்றி உருண்டு படுத்திருந்ததால் இவர் வாசலில், ஒரு காட்டுமாட்டின் விலாவுக்கும் மருதமரத்துக்கும் நடுவில், மழை படாத ஒரு முழ இடத்தில் உட்கார்ந்திருந்தார். மாட்டின் உடம்பு அடுப்பங்கரைச் சுவர் போல வெதுவெதுவென்று இருந்தது.

காலடியெல்லாம் கூட்டம். ஆனால் காதுக்குள் ஒன்றுமில்லை. சமையலறையில் பாத்திரம் விழவில்லை. சண்டை போட ஆள் இல்லை. பாத்திரத்தை எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவில்லை.

ஒரு மாலை மழை சற்று விட்டது. மேகத்துக்கு அடியில் மஞ்சளாக வெளிச்சம் வந்து தண்ணீர் மேல் விழுந்தது. எல்லா உயிரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. அவரும் பார்த்தார். காரணம் ஏதுமில்லாமல் மனைவியின் முகம் வந்தது. கூடவே அன்று நின்று சொன்ன தெருக்களும் வந்தன. அன்று பிசிறாமல் போனதெல்லாம் சேர்ந்து இப்போது தொண்டைக்கு ஏறி, சத்தமில்லாமல், கண் வழியாக இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினால் முயல் பயந்துவிடும். அப்படியே விட்டுவிட்டார். பக்கத்து மாடு பெருமூச்சு விட்டு அசைபோட்டது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நன்றாக இருந்தது.

மறுநாள் விடியும் நேரத்தில் விளிம்பில் இருந்த மிளா குட்டி போட்டது. பனி அடர்ந்து பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத வெளிச்சத்தில், ஈரமாக, எல்லாமே காலாக ஓர் உருவம் எழ முயன்று விழுந்தது. மறுபடி எழுந்தது. தண்ணீர் அதற்கு ஒரு சாண் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. தாய் அதை நக்கி நக்கித் தன் பக்கம் ஒதுக்கியது. சற்று நேரத்தில் குட்டி தாயின் வயிற்றில் சாய்ந்து உறங்கிற்று.

அப்போது துடுப்புச் சத்தம் கேட்டது.

புலமாடனின் படகு. பனிக்குள் எங்கேயோ. கரகரவென்று அவர் தொண்டையைச் செருமுவதும் கேட்டது. படகு தேடிக்கொண்டு வருகிறது. மேடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிட மாட்டார், இந்தக் கரையில் ஐப்பசியில் யாரும் கூப்பிட மாட்டார்கள். வெள்ளத்தின் இரைச்சலில் மெல்லச் சொன்னால் காதில் விழாது. இவர் ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று.

அவல் தீர்ந்து ஒரு பொழுது ஆகியிருந்தது. துணி உடம்போடு ஒட்டி ஊறியிருந்தது. நடுக்கம் நிற்கவில்லை. படகில் சூடான கஞ்சி இருக்கும். காய்ந்த கம்பளி இருக்கும்.

வாய் திறந்தது. வாழ்நாளெல்லாம் திறந்து பழகின வாய். மூச்சும் தயாராக ஏறி வந்து நின்றது.

குட்டி தூக்கத்தில் ஒரு காலை உதறியது. குளம்பு விளிம்பு மண்ணில் உரசி, ஒரு கட்டி மண் தண்ணீரில் விழுந்தது. தாயின் காது இரண்டும் விறைத்து நின்றன.

மாசிலாமணி வாயை மூடிக்கொண்டார்.

துடுப்புச் சத்தம் மேட்டைத் தாண்டிப் போனது. மறுபடி ஒருமுறை பக்கத்தில் வந்தது. மறுபடி போனது. பிறகு ஆறு மட்டும் கேட்டது. அவர் ஏறி வந்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாட்டுக்குக்கூடக் கேட்காமல், வெளியே விட்டார். இடம் தேடித் தேடிக் கடைசியில் மருதமர வேரில் தலை வைத்துப் படுத்தார். மிளாவுக்கும் அவருக்கும் நடுவில் கைநீட்டுகிற தூரந்தான்.

எவ்வளவு நேரம் படுத்திருந்தாரோ. மூடின கண்ணின் மேல் சூடாக மூச்சு பட்டது. அவர் அசையவில்லை. நடக்கப் பழகின பெருமையில் குட்டி அவர் வரைக்கும் வந்திருந்தது. நெற்றியை முகர்ந்தது. மீசையை முகர்ந்தது. பிறகு ஈரமான, சேறு அப்பிய மூக்கை அவர் உதட்டில் வைத்தது. வைத்து, ஒரு கணம் இருந்து, எடுத்தது. தள்ளாடித் தாயிடம் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

பனி விலகினபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. மேட்டின் ஓரத்தில் ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. கோரைத் தலைகள் அங்கங்கே நிமிர்ந்தன. வெயிலுக்குள்ளிருந்து படகு வந்தது. முன்னால் தாழங்குடை.

உலகம்மை இறங்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காட்டுமாட்டைச் சுற்றிக்கொண்டு, முயல்களைத் தாண்டி, கல்யாண வீட்டுப் பந்திக்கு நடுவில் நடக்கிறவர் போல எல்லாருக்கும் இடம் விட்டு நடந்து வந்தார். பின்னால் புலமாடன் கஞ்சிக் கலயத்தோடு வந்தார். அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆத்திரத்தையும் காதோடு காதாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"விடியல்ல பனிக்குள்ள இந்த மேட்டத் தேடிச் சுத்திச் சுத்தி வந்தேன் சாமி. என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அதோன்னு ஒரு சொல்லு சொன்னதுக்கு அன்னைக்குப் படுகையே எந்திரிச்சு ஓடிச்சே. அந்தத் தொண்ட எங்க போச்சு?"

மாசிலாமணி முகவாயை மட்டும் விளிம்புப் பக்கம் திருப்பினார்.

புலமாடன் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். கஞ்சிக் கலயத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு, படகைக் கட்டப் போகிறவர் போல அந்தப் பக்கம் போய்விட்டார். படகு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

கஞ்சியைக் குடித்து முடித்ததும் மாசிலாமணி அம்மைக்கு எதிரே மண்டியிட்டார். அவர் பேசினது இலை அசைவது போல இருந்தது. அம்மை குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"சாணம் யார் வைத்தது என்று தெரிந்துகொண்டேன், அம்மை."

"நன்றி சொன்னீர்களா?"

"அவல் கொடுத்தேன். பன்றி வாங்கிக்கொண்டது."

அம்மையின் தோள் குலுங்கியது.

"ஐப்பசி மழை கழிந்து தருகிறேன் என்று சொன்னீர்கள். அந்த விரல் இப்போதும் எனக்கு வேண்டும்" என்றார் மாசிலாமணி. கண்ணை மூடி முகத்தை உயர்த்தினார்.

அம்மை விரலை நீட்டினார். விரல் பாதி வழியில் நின்றது.

சீடரின் உதட்டில் நடுவாக, பெருவிரல் அளவுக்குச் சேறு காய்ந்திருந்தது. அம்மை அதை உற்றுப் பார்த்தார். விளிம்பைப் பார்த்தார். தாயின் வயிற்றில் முகம் புதைத்துக் கிடந்த குட்டியின் மூக்கில் அதே சேறு.

நீட்டின விரலை மடக்கிக்கொண்டார்.

காத்திருந்து பார்த்த மாசிலாமணி கண்ணைத் திறந்தார்.

"தர மாட்டீர்களா, அம்மை?"

"ஒருவருக்கு இரண்டு தரம் கொடுக்கிற வழக்கம் நம் மடத்தில் இல்லை."

"எனக்கு யார் கொடுத்தது?"

உலகம்மை குடையை விரித்து, மெல்ல நகர்ந்து, விளிம்பின் பக்கம் நிழல் விழும்படி பிடித்தார்.

"இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறார். எழுப்பிவிடாதீர்கள்."